கால் பாக்கெட் பவுடரும் நூறு வருஷக் கதையும்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேசின மாதிரியே விட்டு, திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் குறைத்திருக்கிறேன்.)

இந்த எபிசோட் ஒரு மருந்துப் பாக்கெட்டில் ஆரம்பிக்குது.

போன வருஷம் நவம்பர். வேளச்சேரியில மழைன்னா எப்படி இருக்கும்னு இங்க இருக்கிறவங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. ஏரி நிரம்புதான்னு ஒரு கண்ணு, பார்க்கிங்ல தண்ணி ஏறுதான்னு இன்னொரு கண்ணு. அந்த வாரம் அக்கா குழந்தையோட எங்க வீட்ல இருந்தா. பையனுக்கு அஞ்சு மாசம். முதல்ல மூக்கு ஒழுகல், மூணாவது நாள் மூச்சு இழுப்பு. டாக்டர் பார்த்துட்டு பிராங்கியோலைட்டிஸ்னு சொன்னாங்க. நுரையீரலோட ரொம்பச் சின்னக் குழாய்கள் வைரஸால வீங்கிக்கிற நோய். ஆன்டிபயாட்டிக் தேவையில்ல, மூக்குக்கு உப்புத்தண்ணி சொட்டு, கொஞ்சம் கொஞ்சமா அடிக்கடி பால், அப்புறம் மூச்சை எண்ணிட்டே இருங்க. இந்த வயசுல நிமிஷத்துக்கு 50-ஐத் தொட்டாலோ, நெஞ்சு உள்வாங்கினாலோ, பால் குடிக்கலைன்னாலோ உடனே வாங்க. அவ்ளோதான்.

"மருந்தே இல்லையா?" இதுதான் வீட்ல எல்லாரும் கேட்ட கேள்வி.

ராத்திரி பத்து மணிக்குப் பெரியம்மா ஒரு சின்னப் பாக்கெட்டோட வந்தாங்க. வைட்டமின் டி3, 60,000 யூனிட். அவங்களோட முட்டிவலிக்கு வாரம் ஒண்ணுன்னு எழுதிக் கொடுத்தது. "தம்பி, இது எதிர்ப்பு சக்திக்குடா. நெஞ்சு சளிக்கு நல்லதுன்னு எல்லாரும் சொல்றாங்க. குழந்தைக்குக் கால் பாக்கெட் போதும், பால்ல கலந்து குடுத்துடலாம்."

நான் கோட் எழுதுற ஆளு, டாக்டர் இல்ல. ஆனா வகுத்தல் தெரியும். அவனுக்கு தினமும் கொடுக்கச் சொன்னது 400 யூனிட். கால் பாக்கெட் 15,000. அதாவது முப்பத்தேழரை நாள் மருந்து, ஒரே சங்குல. டாக்டருக்கு போன் போட்டோம். "வேண்டாம். எப்பவும் குடுக்கிற டிராப்ஸை மட்டும் நிறுத்தாம குடுங்க"ன்னு சொல்லிட்டாங்க.

பெரியம்மா பாக்கெட்டை எடுத்து உள்ள வச்சிட்டாங்க, கொஞ்சம் வருத்தத்தோட. எனக்கு மட்டும் கேள்வி போகல. அவங்க சொன்னது எங்கிருந்து வந்துச்சு? எலும்புக்கான வைட்டமின் எப்ப நெஞ்சு சளிக்கு மருந்தாச்சு? அந்தத் தேடல்தான் இந்த எபிசோட்.

ஒரே ஸ்பூனில் இரண்டு வைட்டமின்

முதல்ல ரிக்கெட்ஸ். குழந்தைகளோட எலும்பு கெட்டியாகாம, கால் வில்லு மாதிரி வளையுற நோய். தொழிற்சாலைப் புகை மூடிய ஐரோப்பிய நகரங்களில் இது சர்வ சாதாரணம். வளைந்த கால்தான் நம்ம கண்ணுக்குத் தெரியும். ஆனால் இந்த நோய் வந்த குழந்தைகளைப் பெரும்பாலும் கொன்றது நெஞ்சுதான். விலா எலும்பு மெத்தென்று இருந்தால் மூச்சு இழுக்கும்போது மார்புக்கூடு உள்ளே குழியும், இருமிச் சளியை வெளியே தள்ள முடியாது. கக்குவான் இருமலோ நிமோனியாவோ வந்தால் அந்தக் குழந்தையால் தாங்க முடியாது. ஆக, எலும்புக்கும் நெஞ்சுக்கும் தொடர்பு என்பது கட்டுக்கதை இல்லை. ரிக்கெட்ஸ் உள்ள குழந்தைக்கு அது நூறு சதவீதம் உண்மை.

மருந்து, வடக்கு ஐரோப்பிய மீனவர்கள் கையில் ஏற்கெனவே இருந்தது. காட் மீனின் ஈரல் எண்ணெய். 1917-இல் நியூயார்க்கில் ஆல்ஃபிரட் ஹெஸ் என்ற குழந்தை மருத்துவர், கறுப்பின மக்கள் வாழ்ந்த ஒரு பகுதியில் கைக்குழந்தைகளுக்கு இந்த எண்ணெயைக் கொடுத்து ரிக்கெட்ஸைத் தடுக்க முடியும் என்று காட்டினார். 1919-இல் பெர்லினில் குர்ட் ஹுல்ட்சின்ஸ்கி, எண்ணெயே இல்லாமல் புற ஊதா விளக்கு வெளிச்சத்தில் குழந்தைகளைக் குணப்படுத்தினார். ஒரு பக்கம் எண்ணெய், இன்னொரு பக்கம் வெளிச்சம், ரிசல்ட் ஒன்றே. டீபக் பண்ணுறவங்களுக்கு இது எவ்வளவு பெரிய குழப்பம்னு புரியும்.

அடுத்து 1922. அமெரிக்காவில் எல்மர் மெக்காலம் மீன் எண்ணெயைச் சூடாக்கி, அதில் காற்றைச் செலுத்தினார். அதில் இருந்த வைட்டமின் ஏ அழிந்தது. அந்த எண்ணெய் கண் நோயைக் குணப்படுத்தவில்லை, ஆனால் ரிக்கெட்ஸைக் குணப்படுத்தியது. அப்படியென்றால் உள்ளே வேறொன்று இருக்கிறது. ஏ, பி, சி முடிந்திருந்ததால் அதற்கு டி என்று பெயர்.

இந்த இடத்தைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கோங்க. ஒரே ஸ்பூன் எண்ணெயில் இரண்டு வைட்டமின். 1928-இல் எட்வர்ட் மெல்லன்பியும் ஹாரி கிரீனும், வைட்டமின் ஏ-வைத் தொற்றை எதிர்க்கும் வைட்டமின் என்றே எழுதினார்கள். ஆனால் ஸ்பூனை வாயில் வைத்த அம்மாவுக்கு ஏ எது, டி எது என்று தெரியாது. மீன் எண்ணெய் குடிச்சா சளி பிடிக்காது, அவ்வளவுதான். ஒன்றின் பேரும் புகழும் இன்னொன்றின் மேல் ஒட்டிக்கொண்டதில் இந்த ஸ்பூனுக்கும் பங்கு உண்டு என்பது என் கணிப்பு.

நம்ம ஊருக்கு வந்த எண்ணெய்

1940 ஏப்ரலில் ஜெர்மனி நார்வேக்குள் நுழைந்தது. காட் எண்ணெய் வரத்து அடிபட்டது. அப்போது மதராஸ் மாகாண அரசு கோழிக்கோட்டில் சுறா ஈரல் எண்ணெய் தயாரிக்க ஆரம்பித்தது. மலபார் அன்று மதராஸ் மாகாணத்தின் ஒரு மாவட்டம். இதில் வேடிக்கை என்னவென்றால், நம்ம சுறா எண்ணெயில் வைட்டமின் ஏ காட் எண்ணெயைவிடப் பல மடங்கு அதிகம், வைட்டமின் டி ரொம்பக் குறைவு. தென்னிந்தியாவுக்கு அது சரியாகவே பொருந்தியது. இங்கே குழந்தைகளின் பெரிய பிரச்சினை ரிக்கெட்ஸ் அல்ல, வைட்டமின் ஏ குறைவால் கண் போவது.

அந்தக் கதையின் உச்சம் திருச்சியில். 1990-இல் வெளியான ஆய்வு அது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்த ரஹ்மத்துல்லாவும் அவரது குழுவும் திருச்சி மாவட்டத்தில் 15,419 குழந்தைகளைக் கவனித்தார்கள். பாதிப் பேருக்கு வாரம் ஒரு முறை சின்ன அளவில் வைட்டமின் ஏ, 8,333 யூனிட். ஒரு வருடத்தில் அந்தப் பக்கம் இறப்பு 54 சதவீதம் குறைவு. உலகமே திரும்பிப் பார்த்தது. அதே குழு அடுத்த வருடம் இன்னொரு கட்டுரை எழுதியது. சுவாசத் தொற்று எத்தனை முறை வருகிறது என்பதில் மாற்றமே இல்லை என்றது அந்தக் கட்டுரை. குழந்தைகள் இறப்பது குறைந்தது, சளி பிடிப்பது குறையவில்லை. பாதி நல்ல செய்தி மட்டும் வீடு வரைக்கும் வந்தது.

சரி, வெயில் கொளுத்துற ஊர்ல வைட்டமின் டி குறைவு எதுக்கு வரப்போகுது? இந்தக் கேள்விக்கும் பழைய பதில் ஒன்று உண்டு. 1922-இல் நாசிக்கில் ஹட்சிசனும் ஷாவும் எழுதிய ஆய்வு. வெளியில் வேலை செய்யும் ஏழைகள் வீட்டைவிட, நல்ல சாப்பாடு சாப்பிட்டு, பெண்களும் குழந்தைகளும் வீட்டுக்குள்ளேயே அடைந்திருந்த வசதியான வீடுகளில்தான் ரிக்கெட்ஸ் அதிகம் என்று கண்டார்கள்.

எங்க வீட்டையே பாருங்க. மூணாவது மாடி. பக்கத்து பில்டிங்கைக் கை நீட்டித் தொடலாம். பால்கனிக்கு வர்ற வெயில் ஒரு மணி நேரம், அதுவும் கண்ணாடி வழியா. வைட்டமின் டி உண்டாக்கும் கதிர்களை ஜன்னல் கண்ணாடி தடுத்துவிடும். காலையில் எண்ணெய் தேய்த்து இளவெயிலில் காட்டுவது அழகான வழக்கம்தான், ஆனால் அந்த நேரத்து வெயிலில் அந்தக் கதிர் மிகக் குறைவு. நம்ம பக்கத்திலேயே திருப்பதியில் அளந்து பார்த்தார்கள். பதினொரு மணியிலிருந்து இரண்டு மணி வரைக்கும்தான் அதிகம். அந்த வெயிலில் அஞ்சு மாசக் குழந்தையை யார் காட்டுவாங்க? தாய்ப்பாலிலும் வைட்டமின் டி குறைவு. அதனால்தான் இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் முதல் ஒரு வருடத்துக்கு தினமும் 400 யூனிட் என்று சொல்கிறது. அந்த 400 எங்கிருந்து வந்தது தெரியுமா? ஏறக்குறைய ஒரு டீஸ்பூன் காட் எண்ணெயில் இருக்கும் அளவு. நூறு வருஷப் பழைய கோடில் யாரோ எழுதி வைத்த நம்பர், இன்னும் சரியாக ஓடிக்கொண்டிருக்கிறது.

நம்பிக்கை எங்கே முளைத்தது

1997-இல் எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. நிமோனியா வந்த 500 குழந்தைகள், வராத 500 குழந்தைகள். முதல் கூட்டத்தில் 210 பேருக்கு ரிக்கெட்ஸ். இரண்டாவதில் 20 பேருக்கு மட்டும். 2006-இல் அமெரிக்க ஆய்வகம் ஒன்று, நம் வெள்ளை அணுக்கள் காசநோய்க் கிருமியைக் கொல்லும் ஒரு புரதத்தைத் தயாரிக்க வைட்டமின் டி தேவைப்படுகிறது என்று காட்டியது. காரணம் கிடைத்துவிட்டது, கணக்கும் கிடைத்துவிட்டது. இனி கொடுத்துப் பார்க்க வேண்டியதுதான் பாக்கி.

கொடுத்தும் பார்த்தார்கள். காபூலில் நிமோனியாவோடு வந்த 453 குழந்தைகள். பாதிப் பேருக்கு ஒரே தடவையில் ஒரு லட்சம் யூனிட், மீதிப் பேருக்கு மருந்தில்லாத எண்ணெய். குணமாக ஆன நாட்கள் இரு பக்கமும் கிட்டத்தட்ட ஒன்றே, ஐந்து நாள் சுமார். ஆனால் அடுத்த மூன்று மாதத்தில் மறுபடி நிமோனியா வந்தது ஒரு பக்கம் 45 சதவீதம், இன்னொரு பக்கம் 58. 2010-இல் இது வெளிவந்தபோது நம்பிக்கை ஏறியது. நோய் வந்தபின் உதவாவிட்டாலும், வராமல் தடுக்கலாமே?

அதே குழு பெரிய அளவில் இறங்கியது. 3,046 கைக்குழந்தைகள், பதினெட்டு மாதம், மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒரு லட்சம் யூனிட். 2012-இல் முடிவு: முதல் நிமோனியா வருவதில் வித்தியாசம் இல்லை. மறுபடி வருவதும் குறையவில்லை. முதல் ஆய்வில் தெரிந்த வெளிச்சம் அணைந்துவிட்டது. தங்கள் நம்பிக்கையைத் தாங்களே பெரிதாகச் சோதித்து, இல்லை என்று எழுதிய அந்தக் குழுவுக்கு என் சல்யூட். நான் எழுதின ஃபீச்சரை நானே டெலீட் பண்ண எனக்கு இன்னும் மனசு வந்ததில்ல.

டெல்லியில் 2012-இல் கடும் நிமோனியாவோடு வந்த 200 குழந்தைகளுக்கு ஐந்து நாள் தினசரி டோஸ். வித்தியாசம் இல்லை. புதுச்சேரி ஜிப்மரில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு ஒரு லட்சம் யூனிட், 2017-இல் வெளியானது. ஆஸ்பத்திரியில் இருந்த நாட்கள் குறையவில்லை. பெரியவர்கள் பக்கம், வேலூர் சி.எம்.சி. முன்னின்று நடத்திய காசநோய் ஆய்வு, 2015. சளியில் கிருமி மறைய வைட்டமின் டி எடுத்தவர்களுக்கு 43 நாள், எடுக்காதவர்களுக்கு 42 நாள்.

அப்படின்னா எத்தியோப்பியா கணக்கு பொய்யா? இல்ல. வெயில் படாத, சத்து குறைந்த, நெருக்கடியான வீட்டில் வளரும் குழந்தைக்கு ரிக்கெட்ஸும் வரும், நிமோனியாவும் வரும். அதோடு, உடம்பு சரியில்லாதபோது ரத்தத்தில் வைட்டமின் டி அளவே இறங்கிக் காட்டும். சர்வர் விழும்போது நாலு அலர்ட் ஒண்ணா அடிக்கும். அதுல ஒண்ணை மட்டும் ஆஃப் பண்ணிட்டா சர்வர் எழுந்திருக்காது.

ஒரு திருப்பமும் இருந்தது. 2017-இல் 25 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, தினமும் அல்லது வாரம்தோறும் சிறு அளவில் எடுத்தவர்களுக்கு, அதுவும் ரொம்பக் குறைபாடு உள்ளவர்களுக்கு, சளித் தொற்று குறைவது போலத் தெரிந்தது. ஒரேயடியாகப் பெரிய டோஸ் எடுத்தவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. கொரோனா காலத்தில் எல்லார் வீட்டு போனிலும் சுற்றிய செய்தியின் வேர்களில் இதுவும் ஒன்று. வரும்போது "தினமும், சிறு அளவில்" என்ற பாதி உதிர்ந்துபோய், வைட்டமின் டி மட்டும் வந்து சேர்ந்தது. 2025-இல் 46 ஆய்வுகள், 64,000-க்கும் மேற்பட்டவர்கள் என்று கணக்கு பெரிதானபோது அந்தச் சிறு பலனும் நிச்சயமாகச் சொல்ல முடியாத அளவுக்கு மெலிந்துவிட்டது.

அதிகம் கொடுத்த ஊர்

"சரி, பலன் இல்லைன்னா போகுது, கெடுதல் இல்லையே?" இதைப் பெரியம்மாவும் கேட்டாங்க. இதுக்கும் வரலாறு பதில் வச்சிருக்கு.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரிட்டன் தன் குழந்தைகளை ரிக்கெட்ஸிலிருந்து காக்கத் துணிந்து இறங்கியது. பால்பவுடரில் வைட்டமின் டி, குழந்தை உணவில் வைட்டமின் டி, மேலே அரசு கொடுத்த காட் எண்ணெய். ஒவ்வொன்றும் தனியாகச் சரி. யாரும் கூட்டிப் பார்க்கவில்லை. எல்லாம் சேர்ந்து சில குழந்தைகளுக்கு ஒரு நாளில் பல ஆயிரம் யூனிட் போனது. 1950-களில் மருத்துவர்கள் வினோதமான குழந்தைகளைப் பார்க்க ஆரம்பித்தார்கள். பால் குடிக்காது, வாந்தி, மலச்சிக்கல், எடை இறங்கும். ரத்தத்தில் கால்சியம் ஏறிக் கிடந்தது. 1957-இல் அளவைக் குறைத்தார்கள்.

இன்னொரு கேள்வி மட்டும் ஐம்பது வருடம் தொங்கியது. அதே அளவு வாங்கிய பெரும்பாலான குழந்தைகள் நன்றாக இருக்க, சிலர் மட்டும் ஏன் விழுந்தார்கள்? 2011-இல் ஒரு விடை வந்தது. வைட்டமின் டி-யை உடைத்து வெளியேற்றும் ஒரு மரபணு, சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே வேலை செய்யாது. பார்த்தால் தெரியாது. பெரிய டோஸ் கொடுத்தபின்தான் தெரியும்.

இதை நேர்மையாகச் சொல்லிடறேன். ரிக்கெட்ஸ் இருக்கும் குழந்தைக்கு டாக்டர்களே அதிக டோஸ் கொடுப்பார்கள், டெஸ்ட் பார்த்து, வயசு பார்த்து. அது சிகிச்சை. ராத்திரி பத்து மணிக்குக் கால் பாக்கெட் பவுடரைக் கண்ணளவில் பிரிப்பது வேற.

வீட்டு ஃப்ரிட்ஜ் மேல இருந்த பாட்டில்

இதையெல்லாம் படிச்சிட்டு, பெரிய ஆள் மாதிரி அக்கா கிட்ட பாடம் எடுத்திட்டிருந்தேன். நடுவுல சும்மா டிராப்ஸ் பாட்டிலைக் கையில எடுத்தேன். லேபிள்ல, ஒரு மில்லிக்கு 800 யூனிட்.

பழைய பாட்டில் ஒரு மில்லிக்கு 400. அது தீர்ந்ததும் வேற பிராண்ட் வாங்கினோம். டப்பா நிறம் கூட அதேதான். அக்கா பழக்கத்துல ஒரு மில்லியே கொடுத்திட்டு இருந்திருக்கா. மூணு வாரமா இரட்டை டோஸ். பெரியம்மா பாக்கெட்டைப் பிடிச்ச எங்க கண்ணுக்கு, எங்க கையில இருந்த சொட்டுக்குழல் தெரியல. யூனிட் மாறினதைக் கவனிக்காம விடுறது எங்க தொழில்ல பழைய தப்பு. அதை வீட்டுக்குள்ளயே பண்ணியிருக்கோம்.

டாக்டர் கிட்ட கேட்டோம். அந்த வயசுக்கு தினசரி உச்ச வரம்பா 1,000 யூனிட்னு சொல்றாங்க, அதுக்குள்ளதான் இருக்கீங்க, பயப்பட வேண்டாம், இனி அரை மில்லி கொடுங்கன்னு சொன்னாங்க. அக்கா அன்னைக்கு ராத்திரி சரியா சாப்பிடல. 2010-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, கைக்குழந்தைகளின் வைட்டமின் டி சொட்டுக்குழல்கள் பற்றி நாடு முழுக்க எச்சரிக்கை விட்டதை அவகிட்ட காட்டினேன். குழல் பெருசா இருந்தா அளவு தப்பிடும்னு. "நான் மட்டும் இல்லல்ல?"ன்னு கேட்டா. "இல்லக்கா."

அதனால இந்த எபிசோட்ல நான் கேட்டுக்கிறது மூணே விஷயம். குழந்தைக்கு எத்தனை மில்லின்னு மட்டும் கேட்காதீங்க, எத்தனை யூனிட்னும் கேளுங்க. பாட்டில் மாறும்போதெல்லாம் லேபிளைப் படிங்க. சளி பிடிச்சா தினசரி டிராப்ஸை நிறுத்தவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். அது எலும்புக்கு, அந்த வேலையை அது ஒழுங்கா செய்யும். நெஞ்சுக்கு மூச்சை எண்ணுங்க.

அந்த மழை ராத்திரி எண்ணினது யார் தெரியுமா? பெரியம்மா. பாக்கெட்டை உள்ள வச்சிட்டு, குழந்தை பக்கத்துல உட்கார்ந்து, என் போன்ல ஸ்டாப்வாட்ச் போட்டுக்கிட்டு, மணிக்கு ஒரு தடவை. 46, 44, 47, 42. விடியக்காலையில அவன் நல்லா பால் குடிச்சான். காலண்டர் தாள் பின்னாடி பென்சில்ல அவங்க எழுதின அந்த நம்பர்கள் இன்னும் எங்க ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டியிருக்கு. பக்கத்துல அக்கா ஸ்கெட்ச் பேனால எழுதினது: அரை மில்லி.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.